நனையாத பதினோரு சட்டைகள்

நாக்பூர் வெயிலில் வதங்கிக்கொண்டிருக்கும் என் மகள் எஸ்தருக்கு, கோர்படியிலிருந்து அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாமல் இருந்ததற்கு உன் அம்மா தினமும் என்னை ஒரு பிடி பிடிக்கிறாள். பிள்ளை முதன்முதலாக ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திர வினாத்தாள் தயாரிக்கப் போகிறாள், அதில் ஒரு யோசனை கேட்டிருக்கிறாள், ஒரு கார்டு எழுதக்கூடவா உங்களுக்குக் கை வரவில்லை என்கிறாள். கை வந்தது. நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்துப் போட்டேன். நீ கேட்டது சின்ன விஷயம்தான். ஒரு பழைய பத்தியைக் கொடுத்து, இதை எவ்வளவு தூரம் நம்பலாம், காரணம் சொல் என்று பிள்ளைகளைக் கேட்கலாமா, அந்த வயசுக்கு அது அதிகம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். இத்தனை பேர் இருக்க இந்தக் கேள்வியை என்னிடம் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று முதலில் எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். குத்திக்காட்டுகிற புத்தி உனக்கு எந்த நாளும் இருந்ததில்லை; என்னை மதித்துத்தான் கேட்டிருக்கிறாய். அதனால்தான் ஒரு கார்டில் முடிக்க முடியவில்லை. தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அவசரமில்லை, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சத்தம் போட்டுப் படி. இங்கிலீஷில் எழுதினால் நான் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி பேச ஆரம்பித்துவிடுவேன். அப்படி எழுதித்தான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

கேல்கர் சாரை நீ மறந்திருக்க மாட்டாய். நாராயண் பேட்டிலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு நம் பக்கத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு வருவாரே, ஒல்லியான மனிதர், சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். அந்த நாளில் சரித்திரப் பரீட்சை என்றால் என்ன? காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, நடுவில் நாலு வருஷக் கணக்கு. மனப்பாடம் செய்தவன் பிழைத்தான். எழுபத்தேழில் அவர் ஏதோ ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, ஆண்டுப் பரீட்சையில் ஒரு புதுக் கேள்வி வைத்தார். சைக்ளோஸ்டைல் செய்த வினாத்தாளில் கட்டம் கட்டி ஒரு பத்தி. அதன் கீழே, இதை நம்பலாமா, காரணம் கூறு, பத்து மதிப்பெண். மற்ற வாத்தியார்கள் சிரித்தார்களாம். அவர் வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது இரண்டே சோதனைகள். எழுதியவன் அந்த இடத்தில் இருந்தானா? நடந்ததைத் தெரிந்துகொள்ளும் நிலையில் இருந்தானா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் நம்பு. அந்தப் பத்தியை எழுதியவன் அந்த இடத்தில் இருந்தவன்தான், எல்லாம் தெரிந்தவனும்தான். ஏனென்றால் எழுதியவன் நான்.

நம் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் வெள்ளி விழா மலரில், வெளியிலிருந்து வரும் விருந்தாளிகளுக்காக இங்கிலீஷில் ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். ரயில்வேயில் டிராப்ட் எழுதி எழுதிக் கைபழகியவன், சபைச் செயலாளர், என்னை விட்டால் யார்? கீழே பெயர் போடாமல் செயலாளர் என்று மட்டும் போட்டு எழுதினேன். நம் ஊருக்கு மேலே பான்ஷேத் அணை உடைந்து ஆறு ஊருக்குள் புகுந்ததே, நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், அந்தச் சமயத்தில் நம் சபை செய்த சேவையைப் பற்றி. அதன் சாரம் உனக்கு மனப்பாடமாக இருக்கும். நகரமே தாகத்தில் தவித்த அன்றே நம் ஆலய வளாகத்தின் வாசல் எல்லாருக்கும் திறக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கல் மூடிக் கிடந்த கிணற்றை நம் மூப்பர்கள் பதினோரு பேர் திறந்து, பொழுது சாயும் வரை தங்கள் கைகளாலேயே நீர் இறைத்து, சாதி மதம் பாராமல் வழங்கினார்கள். இதைக் கண்ணாரக் கண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். பதினோரு பேரின் பெயர்களும் வரிசையாக இருந்தன, ஏழாவதாக என்னுடையது. பக்கத்தில் ஒரு புகைப்படம். பள்ளிக்கூட நூலகத்தில் கிடந்த அந்த மலரிலிருந்து கேல்கர் சார் பத்தியை எடுத்திருக்கிறார். அவருக்கு அதன் மேல் ஒரு பாசமும் இருந்தது. அந்த வெள்ளத்தில் அவர் வீட்டுக் கீழ்த்தளம் முழுகி, அவருடைய அப்பா சேர்த்து வைத்திருந்த புத்தகங்கள் அத்தனையும் சேறாகிப் போயின. அப்படிப்பட்ட நேரத்தில் எங்கோ சிலர் நல்லபடியாக நடந்துகொண்டார்கள் என்று படிக்க அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது.

உன் விடைத்தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. மலருக்குள் மடித்து வைத்திருந்தேன், மடிப்பில் கொஞ்சம் கிழிந்துவிட்டது. பத்து வருஷத்தில் இதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. பதினைந்து வயசுப் பெண் எழுதியது என்று நம்பவே முடியவில்லை. கல் மூடிக் கிடந்த கிணறு, தூர் வாராமல் அன்றைக்கே குடிக்கத் தண்ணீர் எப்படிக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறாய். எழுதப்பட்டது பத்து வருஷம் கழித்து, அதுவும் விழா மலரில், விழா மலரில் யாரும் தங்களைத் திட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அது கேல்கர் சார் சொல்லிக்கொடுக்காத மூன்றாவது சோதனை. எதற்காகச் சொல்கிறான் என்பது உனக்கு நீயே கண்டுபிடித்துக்கொண்டது. அடுத்து எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வரும். "எங்கள் ரயில்வே காலனியில் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஆணை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை." அதோடு விட்டாயா? மூலப் புத்தகத்தில் உள்ள புகைப்படத்தை நீ பார்த்திருப்பதாகவும், கிணற்றைச் சுற்றிப் பதினோரு பேர் நிற்பதாகவும், நாளெல்லாம் தண்ணீர் இறைத்தவர்களில் ஒருவர் சட்டைகூட நனையவில்லை என்றும், ஒருவர் ஒரு கையில் கயிறும் மறு கையில் குடையும் பிடித்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தக் குடைக்காரன் யார் என்று உனக்குத் தெரியும். பெயரைச் சொல்லாமல் விட்டாய். கடைசியில் ஒரு வரி. "ஆனால் எழுதியவர் நேர்மையான மனிதர், தெரிந்து பொய் சொல்லியிருக்க மாட்டார், மறந்திருப்பார்."

பத்துக்கு இரண்டு போட்டிருந்தார் கேல்கர் சார். அந்த இரண்டும் எதற்கு என்று ஓரத்தில் சிவப்புக் கோடு காட்டுகிறது. கடைசி வரிக்கு. எழுதியவர் நம்பத்தக்கவர் என்று அவர் எதிர்பார்த்த விடைக்கு அது ஒன்றுதான் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

நீ அழவில்லை, அம்மாவிடம் புகார் சொல்லவில்லை. நேரே அவரிடம் போய் மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டாய். கண்ணால் பார்த்தவர் எழுதியதை, பார்க்காத நீ எப்படி மறுக்கலாம் என்று அவர் கேட்டிருக்கிறார். அவரிடமே கேட்டுப் பாருங்கள் சார் என்று நீ சொல்லியிருக்கிறாய். வேறு வாத்தியாராக இருந்தால் வாயாடி என்று வெளியே அனுப்பியிருப்பார். அவர் விசாரித்தார். செயலாளர் உன் அப்பாதான் என்று தெரிந்ததும் ஆடிப்போனாராம். இருந்தும் சொல்லி அனுப்பினார். ஒரு சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து நான் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். ஸ்டாப் ரூமில் நாம் மூன்று பேர் மட்டும். அவர் உன் விடையை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டு, "சாஹேப், சாட்சி நீங்கள்தான். இவள் சொல்வது சரி என்றால் நான் கற்பித்தது தப்பு, இப்போதே மார்க்கை மாற்றுகிறேன். என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒரு வாய்ப்பு எனக்கு வேறெப்போதும் கிடைத்ததில்லை. நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எழுதியதெல்லாம் உண்மை, குழந்தை ஏதோ அதிகமாக யோசித்துவிட்டாள் என்று நான் சொன்னேன். சொல்லி ஒரு சிரிப்பும் சிரித்தேன்.

தப்பு என்னுடையதுதான் சார் என்றாய் நீ. யாரைக் காப்பாற்ற அதைச் சொன்னாய் என்று எனக்கு அப்போதே தெரியும். வெளியே வந்ததும் உன்னைக் கரும்புச் சாறு கடைக்கு அழைத்துப் போனேன். குற்றமுள்ள நெஞ்சோடு இருக்கிற அப்பன்கள் எல்லாரும் இப்படித்தான் எதையாவது வாங்கிக் கொடுப்பார்கள். செக்கில் கட்டிய சலங்கை ஆடிக்கொண்டிருந்தது. நீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாய். "அப்பா, அந்தப் பதினோரு பேருல பொம்பளையாளு ஒருத்தி கூடயா இல்ல?" குடி, ஐஸ் கரைந்துவிடும் என்றேன். அதன்பிறகு ஒரு வருஷம் நீ வீட்டில் எதைப் பற்றியும் ஏன் என்று கேட்டதில்லை. பத்தாவது முடித்ததும் காமர்ஸ் எடுக்கிறேன் என்றாய். கேல்கர் சார் வீடு தேடி வந்து பேசியிராவிட்டால் நீ இன்றைக்கு ஏதாவது பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருப்பாய். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என் பொய் உன்னை அந்தக் கவுண்டர் வரைக்கும் கொண்டுபோய் விடப் பார்த்தது.

நடந்தது இதுதான். வெள்ளம் வடிந்தபிறகு குழாயில் தண்ணீர் நின்றுபோயிற்று. ஊரெல்லாம் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. அணையே போனபிறகு குழாய்க்கு எங்கிருந்து வரும்? நம் ஆலய வளாகத்துக்குள் பழைய கிணறு இருப்பது எல்லாருக்கும் தெரியும். பாஸ்டர் ஐயா ஊரில் இல்லை. மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். கூட்டத்தை உள்ளே விட்டால் ஆலயம் என்ன கதியாகும், கிணறு அசுத்தமாகிக் காய்ச்சல் பரவினால் யார் பொறுப்பு, முதலில் நம் சபைக் குடும்பங்களுக்கு, பிறகு பார்க்கலாம் என்றார்கள். வாசலைப் பூட்டச் சொன்னார்கள். பூட்டியவன் செயலாளர். வெளியே ஜனங்கள் நின்றதை நான் பார்த்தேன். பித்தளைக் குடத்தோடு, மண்ணெண்ணெய் டின்னோடு, இடுப்பில் குழந்தையோடு நின்றார்கள். பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். புகைப்படம் எடுத்தது அதற்கும் பல நாள் கழித்து, தண்ணீர் கொடுத்த பேர் ஊரில் பரவிய பிறகு. சட்டை எப்படி நனையும்?

இதையெல்லாம் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டிவிட்டேன். ஒரு சமாதானம் மட்டும் வைத்திருந்தேன். இரண்டு நாள் பூட்டி வைத்தது உண்மை, ஆனால் மூன்றாம் நாள் காலையில் மனசு கேட்காமல் நானே போய்த் திறந்துவிட்டேன் அல்லவா? அந்தச் சாவியை மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தேன். சின்ன வயசில் விளையாடக் கேட்டு நீ அழுவாயே, அந்தப் பித்தளைச் சாவிதான். இந்த மாதம் உன் கடிதம் வந்த அதே வாரத்தில் புதிய பாஸ்டர் வந்து, சபையின் நாற்பதாம் ஆண்டு மலரில் உங்கள் பழைய பக்கத்தை அப்படியே திரும்பப் போடுகிறோம் என்றார். மலரை எடுத்தேன். உள்ளேயிருந்து உன் விடைத்தாள் மடியில் விழுந்தது. போதும் என்று பட்டது. நான் திருத்தி எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, இந்தத் தடவையாவது ஒழுங்காக விசாரித்து எழுதுவோம் என்று லோக்கல் ரயில் பிடித்துத் தாபோடிக்குப் போனேன். அன்றைக்கு அந்தக் கிணற்றில் உண்மையாகவே தண்ணீர் இறைத்த பாக்கியத்தைப் பார்க்க.

பாக்கியத்தை உனக்கு ஞாபகம் இருக்கும், ஆலயம் கூட்டுவாளே, கடைசி பெஞ்சுக்கும் பின்னால் பாய் போட்டு உட்காருவாளே. மகன் மிலிட்டரி காலேஜ் மெஸ்ஸில் வேலை செய்கிறான். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை வீடு. பல் பாதி போய்விட்டது, பேச்சு ஒரு துளிகூடக் குறையவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கிணற்றைச் சுத்தம் செய்ததும் இறைத்ததும் நீங்கள்தான் என்று எழுதப் போகிறேன், நான் இரண்டு நாள் பூட்டி வைத்திருந்து மூன்றாம் நாள் திறந்ததையும் மறைக்காமல் எழுதப் போகிறேன் என்றேன். பெரிய தியாகம் செய்கிறவன் மாதிரிதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க எங்க சார் தொறந்தீங்க? ரெண்டாம் நாளு சாயங்காலமே சாந்தாபாய் கல்லை எடுத்து ரெண்டு போடு போட்டா. மூணாவது போடு நான் போட்டேன். பூட்டு வாயைப் பொளந்துடுச்சு. ராவோட ராவா தூர் வாரிட்டோம். நீங்க மறுநாள் வந்து நின்னு பாத்துட்டு, அடுத்த வாரம் புதுப் பூட்டு வாங்கிட்டு வந்தீங்களே."

சாந்தாபாய் என்பது நம் காலனியில் தண்டவாள வேலை பார்த்த கேங்மேன் வீட்டு மராட்டியப் பெண். இல்லை பாக்கியம், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கையில் சாவி, வாசல் திறந்திருந்தது, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள் என்று நான் வாதாடினேன். அவள் எழுந்து போய், வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மின் மூடி மேல் வைத்திருந்த பாரத்தை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். துருப்பிடித்த பெரிய பூட்டு. வளையம் நெளிந்து பிரிந்திருந்தது. மூடி காற்றில் பறக்காமல் இருக்க இத்தனை வருஷமாக அதைத்தான் வைக்கிறாளாம். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். திருப்ப முடியவில்லை, துரு. ஆனால் உள்ளே போயிற்று, கடைசி வரைக்கும்.

எஸ்தர், மூன்றாம் நாள் காலையில் நான் சாவியோடு போனது உண்மை. எதற்குப் போனேன்? திறக்கவா, பூட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கவா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. திறந்த வாசலும் கையில் இருந்த சாவியும் ஞாபகத்தில் ஒன்றாகச் சேர்ந்து, நான் திறந்தேன் என்று ஆகிவிட்டது. விழா மலரில் எழுதியது தெரிந்து சொன்ன பொய். இதுவோ நானே நம்பிக்கொண்டிருந்த பொய். என் மனசாட்சிக்குக் கூடச் சாட்சி சொல்ல லாயக்கில்லாதவனாக இருந்திருக்கிறேன். இதைத்தான் உன் ஹெட்மிஸ்ட்ரஸ் பிள்ளைகளின் வயசுக்கு அதிகம் என்கிறார். அறுபது வயசுக்கே இது அதிகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினைந்து வயசில் நீ செய்தாய். அந்த வயசில்தான் கண்ணும் தைரியமும் ஒன்றாக இருக்கின்றன. தாராளமாகக் கேள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். விடையை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொண்டு கேட்காதே. எந்தப் பிள்ளையாவது ஒருத்தி நீ நினைக்காத பக்கத்திலிருந்து வந்து நிற்பாள். அவள் பேப்பரை இரண்டாம் தடவை படி. அவள் எழுதியதை யாரிடமாவது கேட்டுத்தான் தீர வேண்டும் என்றால் நீயே போய்க் கேள். குற்றவாளியை ஸ்டாப் ரூமுக்கு வரவழைத்து, மகள் முன்னால் வைத்துக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? கேல்கர் சாரிடம் நான் கண்ட ஒரே குறை அதுதான்.

பாக்கியத்தின் முன்னால் நோட்டை விரித்து எழுதிக்கொண்டேன். பெயர் சொல்லச் சொல்ல எழுதினேன். பாக்கியம், சாந்தாபாய், கிணற்றுக் கல்லை நகர்த்திய சாந்தாபாயின் புருஷன், தூர் வாரியபோது உள்ளே இறங்கிய இரண்டு அக்கா தங்கைகள். ஐந்துக்குப் பிறகு நின்றாள். "ஒரு பஞ்சாபி மிலிட்டரிக்காரர் சம்சாரம் இருந்துச்சு சார். நாள் முழுக்கக் கயிறு இழுத்துச்சு. பேரு மறந்துபோச்சு." கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள், வரவில்லை. ஏதாவது ஒரு பெயர் போட்டுக்கொள்ளலாமா என்று என் குமாஸ்தா புத்தி கேட்டது. "வேணாம் சார். மறந்ததை மறந்துபோச்சுன்னே எழுதுங்க" என்றாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நானும் பெரிய பெரிய அதிகாரிகளின் ரிப்போர்ட்டுகளை நகல் எடுத்து நாற்பது வருஷம் ஓட்டியவன். இவ்வளவு சுத்தமான ஒரு வாக்குமூலத்தை எந்த பைலிலும் பார்த்ததில்லை. அவளைப் பின்னால் பாயில் உட்கார வைத்தவர்கள் நாங்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுதி முடித்த பக்கத்தையும் உன் விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு போன வாரம் கேல்கர் சார் வீட்டுக்குப் போனேன். ரிடையராகி வீட்டில்தான் இருக்கிறார், கண்ணாடி தடித்துவிட்டது. என்னைப் பார்த்ததும் நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்டார். நாக்பூரில் சரித்திரம் நடத்துகிறாள் என்றதும் அவர் மனைவியைக் கூப்பிட்டு மராட்டியில் பெருமையடித்துக்கொண்டார், ஏதோ அவர் பெற்ற பெண் மாதிரி. பக்கத்தை வாசித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டார். நானும் நம்ப ஆசைப்பட்டதைத்தான் நம்பினேன், அந்தப் பெண்தான் என்னிடம் படிக்காததையும் படித்திருந்தாள் என்றார். பிறகு உன் விடைத்தாளைக் கேட்டு வாங்கினார். மேஜையில் சிவப்பு மைப் பேனா தேடினார், இல்லை. பேத்தியின் சிவப்புப் பென்சில்தான் கிடைத்தது. ரொம்ப நேரம் படித்தார். ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் இரண்டு, இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தார். கிணற்றுக் கல்லுக்கு, விழா மலருக்கு, விடுபட்ட பெண்களுக்கு, சட்டைகளுக்கு. எட்டாயிற்று.

கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். எழுதியவர் நேர்மையான மனிதர் என்ற வரி. அதற்குப் பழைய இரண்டு மார்க் அங்கேயே இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் புரிந்தது, அடியுங்கள் சார் என்றேன். அந்த இரண்டை அடித்துவிட்டு ஓரத்தில் 'ஆதாரம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்துக்கு எட்டு. திருத்திய விடைத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிக்காமல் பத்திரமாக வைத்துக்கொள். ஆக, உனக்கு அன்றைக்குக் கிடைத்த மார்க் முழுவதும் தப்பான வரிக்கு, கிடைக்காமல் போனதெல்லாம் சரியானவற்றுக்கு. அந்த வரியை நீ சரித்திரம் தெரியாமல் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்காக எழுதினாய். எனக்கு உன்னைப் பற்றி எவ்வளவு பெருமை என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேனா? இப்போது சொல்கிறேன். இந்த வீட்டில் எனக்கு மேலே ஒருத்தி வளர்ந்து நிற்கிறாள், நான் அவளை அண்ணாந்துதான் பார்க்கிறேன்.

உன் வினாத்தாளுக்குப் பத்தி தேடிக்கொண்டிருந்தால், வேண்டுமானால் என் பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள். பெயரையும் போடலாம், ஆட்சேபணை இல்லை. இரண்டையும் எழுதியவன் ஒருவனே என்று மட்டும் முதலில் சொல்லிவிடாதே, பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். மூப்பர்களில் நாலு பேர்தான் இப்போது உயிரோடு இருக்கிறார்கள். விஷயம் தெரிந்து இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பாஸ்டர் கொஞ்சம் தயங்கினார், பிறகு அச்சுக்குக் கொடுத்துவிட்டார். மலர் வெளியிடுகிற ஞாயிற்றுக்கிழமை பாக்கியத்தை மகனோடு வரச் சொல்லியிருக்கிறேன். முன் பெஞ்சில் உட்கார மாட்டாளாம். அவள் பக்கத்தில் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். நானும் அங்கேதான் உட்காருவேன்.

மலர் வந்ததும் உனக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன். அடித்துப்போட்ட அந்த இரண்டு மார்க் இன்னும் பாக்கி இருக்கிறது. அது இனி நான் சம்பாதித்துத் தர வேண்டியது. படித்துப் பார்த்துவிட்டு அதைத் திரும்பப் போடலாமா என்று நீயே முடிவு செய். அப்பா என்பதற்காக அவசரப்பட்டுப் போட்டுவிடாதே. லீவுக்கு வரும்போது ஒரு நடை தாபோடிக்குப் போய், முதலில் பாக்கியத்திடம் கேள்.

உன் அப்பா